கல்லீரல் நலம், சைக்கிளை அனுப்பவும்

வடக்கு அடையவளஞ்சான் வீதி,
ஸ்ரீரங்கம்.
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள மாப்பிள்ளை சரவணனுக்கு, உன் அக்கா வீட்டுக்காரன் அழகிரி ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே நான், உன் அக்கா பொன்னுத்தாய், என் கல்லீரல் மூவரும் சௌக்கியம். அங்கே நீ, உன் வீட்டுக்காரி தங்கச்சி ஜோதி, நாற்று, வாய்க்கால் தண்ணீர் எல்லாம் சௌக்கியமாக இருக்க ஸ்ரீரங்கநாதர் அருள் புரிவாராக. நிற்க. நான் இப்போதைக்குச் சாகப் போவதில்லை. ஆகவே சைக்கிளைத் திருப்பி அனுப்பவும்.

போன மாதக் கடைசியில் திடீரென்று லால்குடிக்கு வந்து, முப்பத்திரண்டு வருஷம் பொன்மலை ஒர்க்‌ஷாப்புக்கு ஷிஃப்ட் போய்வந்த என் சைக்கிளை உன் வாசலில் நிறுத்தி, "இனிமே இது உன்னுது மாப்பிள்ளை" என்று சொல்லி, பஸ் ஸ்டாண்டில் உன்னைக் கட்டிக்கொண்டு அழுதேன் அல்லவா, அதற்கு நீ "என்ன மாமா, அக்காவோட சண்டையா?" என்று கேட்டாய் அல்லவா, சண்டை இல்லை. அன்றைக்கு நான் உன்னிடம் கடைசியாக விடைபெற வந்திருந்தேன். சாகப் போகிறவன் இருபது கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து வருவானா என்று உனக்காவது தோன்றியிருக்க வேண்டும், தோன்றவில்லை, போகட்டும். போனில் சொன்னால் நடுவில் சிரித்து என் வாயை அடைத்துவிடுவாய் என்பதால் கடிதமாக எழுதுகிறேன். இதற்கெல்லாம் காரணம் உன் மகள் கனிஷ்கா. அவளைத் திட்டாதே. ஆராய்ச்சிக்கு வருகிறவர்களைப் பற்றி வீட்டில்கூட மூச்சு விடக்கூடாது என்பது அவர்கள் சட்டமாம், அதனால்தான் பெற்ற அப்பனிடமே அவள் வாயைத் திறக்கவில்லை.

உன் மகள் செய்வது கல்லீரல் ஆராய்ச்சி என்று உனக்குத் தெரியும். அது என்னவென்று தெரியுமா? எனக்கு அவள் எங்கள் கூடத்தில் உட்கார்ந்து விளக்கினாள். "முதல்ல கல்லீரல்ல கொழுப்பு சேரும் மாமா. அப்புறம் வீக்கம் வரும். வீங்கி வீங்கி ஆறுறப்ப தழும்பு விழும். தழும்பு மேல தழும்பு விழுந்து அப்படியே இறுகிப் போயிடும். குடிக்காதவங்களுக்கும் இது ஏன் வருதுன்னுதான் நாங்க பாக்குறோம்." வெல்டிங் மேல் வெல்டிங் வைத்த தகடு எப்படி விறைத்துப் போகும் என்று எனக்குத் தெரியாதா, உடனே புரிந்துவிட்டது. ஒரு சொட்டுக்கூட நாக்கில் படாத ஆள் வேண்டுமாமே, இந்தத் தெருவில் என்னைவிட யார் இருக்கிறார்கள், பெண் கேட்கிறாளே என்று பெருந்தன்மையாகப் பேர் கொடுத்தேன். முதல் தடவை அவர்கள் ஆஸ்பத்திரியில் என்னைப் படுக்கவைத்து, விலா எலும்புக்கு நடுவில் பேனா மாதிரி ஒன்றை அழுத்தினார்கள். அது பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுவதுபோல் டொக், டொக் என்று பத்துத் தடவை தட்டியது. அந்தத் தட்டு உள்ளே எவ்வளவு வேகமாகப் போகிறது என்று பார்த்துக் கல்லீரலின் இறுக்கத்தைச் சொல்லிவிடுமாம். நான் ஒர்க்‌ஷாப் ஆள் ஆயிற்றே, "இந்த மெஷினைக் கடைசியா எப்ப சரிபார்த்தீங்க?" என்று கேட்டேன். எல்லாரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒன்பது புள்ளி நான்கு. ஆறு, ஏழுக்குள் இருக்க வேண்டியது.

அன்றிலிருந்து நான் ஒரு துறவி. என்ன சாப்பிட்டாலும் ஒரு நோட்டில் எழுத வேண்டும் என்றார்கள். மற்றவர்களைப்போல் "டிபன்: இட்லி" என்று எழுதிவிட்டுப் போகிறவனா நான்? தராசு வாங்கினேன். இட்லி ஒன்று நாற்பத்தொரு கிராம். சட்னி பன்னிரண்டு. ரசத்தில் மிதந்த கொத்தமல்லியைத் தனியாக எடுத்து நிறுத்தேன், அரை கிராம்கூட இல்லை, இருந்தாலும் எழுதினேன். உன் அக்கா, "ரசத்தை ஆற வச்சு நிறுக்குறீங்களா, சூடா நிறுக்குறீங்களா?" என்று கேட்டாள். கேலி என்று அப்போது தெரியவில்லை, இரண்டு விதமாகவும் நிறுத்துப் பார்த்தேன். இரண்டு மாதம் இப்படிப் பட்டினி கிடந்துவிட்டுப் போனால், இரண்டாவது தடவை பத்து புள்ளி இரண்டு! அங்கே பெரியவர் டாக்டர் பிராங்க்ளின் என் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு எழுந்து நின்றுவிட்டார். "சார், இவ்வளவு கம்மியா சாப்பிட்டும் ஏறுதுன்னா இது சாதாரண விஷயம் இல்ல. உங்களை மாதிரி ஒருத்தரைத்தான் தேடிக்கிட்டு இருந்தோம்" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். ரிட்டையர் ஆன பிறகு என்னை யாரும் தேடியதில்லை, ஆகவே ஒரு நிமிஷம் பெருமையாகத்தான் இருந்தது. அடுத்த நிமிஷம், விலாவில் ஊசி விட்டுக் கல்லீரலில் ஒரு துணுக்கு எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார். கனிஷ்கா தலையைக் குனிந்துகொண்டு என்னவோ எழுதுகிற மாதிரி இருந்தாள். அவள் பேனா மூடியைக் கழற்றவே இல்லை. அதைப் பார்த்துவிட்டேன். சாவுதான் வருகிறது என்று முடிவு கட்டிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு நான் நடந்துகொண்ட விதத்தை நானே மெச்ச வேண்டும். ஒரு பொட்டுப் பயமில்லை. சைக்கிள் உனக்கு. ஸ்பேனர் செட் எதிர்வீட்டுக்கு. உன் அக்காதான் பாவம், பயத்தில் வாயடைத்துப் போனாள். போனை எடுப்பாள், என்னைப் பார்ப்பாள், வைத்துவிடுவாள். அவளுக்கு ஆறுதல் சொல்லவே எனக்குப் பொழுது சரியாக இருந்தது.

ஊசி போடும் நாளும் வந்தது. பத்தரை மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள், அதற்கு முன்னால் மெஷின் தட்டல் கடைசியாக ஒரு தடவை. பெருமாளிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகலாம் என்று கோயிலுக்குப் போய்விட்டு, ரங்கா ரங்கா கோபுர வாசலில் வந்து நின்றேன். அங்கே, எதிர்பார்க்கவே இல்லை, கனிஷ்கா ஸ்கூட்டருடன் நிற்கிறாள். பெருமாளே அனுப்பிவைத்தார் என்றுதான் சொல்ல வேண்டும். என்னைப் பார்த்துச் சிரித்தவள், என் கையைப் பார்த்ததும் கத்திவிட்டாள்.

"மாமா! என்ன மாமா சாப்பிடுறீங்க?"

"நான் எங்கம்மா சாப்பிட்டேன்?"

"கையில தொன்னை இருக்கு. வாயில புளியோதரை இருக்கு."

"இது பிரசாதம்மா."

"டெஸ்ட்டுக்கு முன்னால மூணு மணி நேரம் ஒண்ணுமே சாப்பிடக் கூடாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!"

"அதான் சாப்பிடலையே. காலையிலேர்ந்து காப்பிகூடக் குடிக்கல. பிரசாதத்தைப் போய் யாராவது சாப்பாட்டுல சேர்ப்பாங்களா? கண்ணுல ஒத்திக்கிட்டு வாயில போட்டுக்கறதுதானே!"

அவள் ஸ்கூட்டரை ஸ்டாண்டு போட்டாள். மெதுவாக, குழந்தையிடம் கேட்பதுபோல் கேட்டாள். "முதல் தடவை வந்தீங்களே, அன்னிக்கும் கோயிலுக்குப் போனீங்களா?"

"போகாம? அன்னிக்குச் சர்க்கரைப் பொங்கல்."

"ரெண்டாவது தடவை?"

"புளியோதரை. அப்புறம் தெரிஞ்சவர் ரெண்டு வடையும் குடுத்தார். வேண்டாம்னு சொல்லக் கூடாதும்மா, அபசாரம்."

"இதையெல்லாம் நோட்டுல எழுதினீங்களா?"

"நோட்டுல எழுதச் சொன்னது சாப்பாட்டைத்தானே?"

அப்படியே கோபுரத்துக்குக் கீழே உட்கார்ந்துவிட்டாள் உன் மகள். சிரிக்கிறாள், அழுகிறாள், மறுபடி சிரிக்கிறாள். பூக்காரம்மா ஓடிவந்து தண்ணீர் கொடுத்தாள். "சாப்பிட்ட உடனே கல்லீரலுக்கு ரத்தம் ஜாஸ்தியா ஓடும் மாமா. அது விம்மிக்கிட்டு நிக்கும். அதைப் போய் மெஷின் இறுக்கம்னு எடுத்துக்கும். மெஷினுக்குப் பக்தி எல்லாம் கிடையாது மாமா" என்றாள். ஊசியை நிறுத்திவிட்டார்கள். மறுநாள் அவளே என்னைக் காலையில் வீட்டிலிருந்து அழைத்துக்கொண்டு, கோயில் பக்கமே திரும்பாமல், காவிரிப் பாலம் வழியாகச் சுற்றாமல் கொள்ளாமல் நேரே கொண்டுபோய்ப் படுக்கவைத்தாள். டொக், டொக். ஆறு புள்ளி மூன்று! மாப்பிள்ளை, நான் அந்தக் கட்டிலிலேயே எழுந்து உட்கார்ந்து எல்லாரையும் கும்பிட்டேன். கொழுப்பு கொஞ்சம் இருக்கிறதாம், அது வடையின் தயவு, நடந்தால் கரைந்துவிடுமாம். இறுக்கம் இல்லை.

டாக்டர் பிராங்க்ளின் கோபித்துக்கொள்வார் என்று பயந்தேன். அவரோ தலையில் கைவைத்துக்கொண்டு, ஸ்ரீரங்கத்திலிருந்து வருகிற எல்லாரையும் திரும்பக் கூப்பிட்டு விசாரிக்கச் சொன்னார். முப்பத்தொரு பேரில் பத்தொன்பது பேர் கோயில் வழியாக வந்தவர்கள்! ஒருத்தர்கூட எழுதவில்லை, ஒருத்தர்கூடப் பொய் சொல்லவும் இல்லை. காந்தி மார்க்கெட் பழ வியாபாரி நல்லுசாமி கோயிலுக்குப் போகிறவர் இல்லை, ஆனால் அவர் நம்பரும் ஏறிக் கிடந்தது. கேட்டால், "சாப்பிடலைங்க, லோடு வந்துச்சு, சாம்பிள் பாத்தேன்" என்றாராம். சாம்பிள் என்பது நாலு மாம்பழம். இப்போது அவர்கள் படிவத்தில், "சாப்பாடு என்று நீங்கள் நினைக்காமல் வாயில் போட்டவை" என்று புதிதாக ஒரு வரி சேர்த்திருக்கிறார்கள். அந்த வரி என்னால் வந்தது. இந்தப் புதன்கிழமை உன் மகள் பெரிய டாக்டர்கள் நிறைந்த மண்டபத்தில் மேடை ஏறி இதைத்தான் பேசினாள். முதலில் சிரித்தார்களாம், அப்புறம் அவரவர் ஊர் நோட்டுகளை நினைத்துப் பார்த்தார்களாம், கடைசியில் எழுந்து நின்று கைதட்டினார்களாம். உன் பெண்ணை நினைத்து எனக்கு நெஞ்சு கொள்ளவில்லை மாப்பிள்ளை. நல்ல பிள்ளை பெற்றாய்.

தங்கச்சி ஜோதிக்கு என் ஆசி. மாடு கன்றுகளை விசாரித்ததாகச் சொல்லவும். அறுவடை நல்லபடியாக வீடு வந்து சேரட்டும், உன் முட்டிவலி பஸ் ஏறி வேறு ஊருக்குப் போகட்டும் என்று வாழ்த்தும்,

உன் மாமா,
அழகிரி.

பி.கு.: தம்பி சரவணா, அக்கா எழுதுகிறேன். கவரை ஒட்டித் தபாலில் போடச் சொல்லி என்னிடம்தான் கொடுத்தார், படித்துவிட்டேன். கனிஷ்காவைக் கோபுர வாசலுக்குப் பெருமாள் அனுப்பவில்லை, காரணம் சொல்லாமல் நான்தான் அனுப்பினேன். இரண்டாவது டெஸ்ட்டுக்குப் பிறகு ஒரு நாள், டெஸ்ட்டுக்கு அவர் போட்டுப்போன சட்டையைத் துவைக்க எடுத்தால் பையெல்லாம் புளியோதரை எண்ணெய். மூன்று மணி நேர விஷயத்தைக் கனிஷ்கா என்னிடமும் சொல்லியிருந்தாள், அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. அவளைக் கூப்பிடலாம் என்று போனை எடுத்தேன். அந்த நேரம் பார்த்து இவர் அடுப்படிக்கு வந்து முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, "பொன்னு, நீ நல்லாயிருக்கியான்னு நான் ஒரு நாளும் கேட்டதில்லையே" என்றார். முப்பத்தாறு வருஷத்தில் முதல் தடவை. போனை வைத்துவிட்டேன். மறுநாள் வெங்காயம் உரித்துக் கொடுத்தார். அதற்கு மறுநாள், நீங்கள் என்னைப் பெண் பார்க்கக் காட்டியபோது நான் கட்டியிருந்த புடவை என்ன நிறம் என்று சரியாகச் சொன்னார். நாளைக்குச் சொல்லிவிடலாம், நாளைக்குச் சொல்லிவிடலாம் என்றே பதினோரு நாள் ஓடிவிட்டது. ஊசி போடும் நாள் வந்ததும்தான் மனசு கேட்கவில்லை. பிள்ளையையும் சேர்த்து அழவிட்டது என் தப்பு, கனிஷ்காவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். இப்போது நம்பர் நன்றாக வந்துவிட்டது, மனுஷன் பழையபடி பேப்பருக்குள் தலையை விட்டுக்கொண்டார். இதை அவரிடம் சொல்லாதே. அடுத்த மாதம் லால்குடிக்காரர்களையும் டெஸ்ட்டுக்குக் கூப்பிடப் போகிறார்களாம், நீ பேர் கொடு. வருகிற அன்றைக்கு மட்டும் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு வா. ஜோதிக்கும் ஒரு பதினோரு நாள் கிடைக்கட்டும்.