லேசாப் பச்சை அடிக்குது

மனிதர்களில் சாம்பல் நிறம் தேடுகிறவர் என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள், அடையாளம் தெரியாமல் விட்டிருப்பீர்கள். கல்யாண வீட்டில் எல்லோரும் ஆல்பத்துக்குள் தங்கள் முகத்தைத் தேடிக்கொண்டிருக்கும்போது, அதே ஆல்பத்தை வாங்கி, ஜன்னலோரம் கொண்டுபோய், ஒரு கண்ணை மூடி, சாய்த்து, நிமிர்த்தி, மூக்குக்குக் கிட்டே வைத்து, பிறகு கையை நீட்டித் தள்ளிப் பிடித்து, கடைசியில் பெருமூச்சோடு திருப்பிக் கொடுப்பாரே, அவர்தான். மாப்பிள்ளை யார், பெண் யார் என்று அவரைக் கேட்டுப் பிரயோசனம் இல்லை. அவர் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: "லேசாப் பச்சை அடிக்குது."

இவர்கள் கறுப்பு வெள்ளைப் படங்களை வீட்டிலேயே, மை பீச்சுகிற பிரிண்டரில் அச்சிடுகிறவர்கள். கறுப்பு வெள்ளைதானே, அதில் என்ன கஷ்டம் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அப்படிக் கேட்ட யாரும் இரண்டு மணி நேரத்துக்குள் எழுந்து போனதாகச் சரித்திரம் இல்லை. சாம்பல் என்பது சாம்பல் இல்லையாம். பிரிண்டர் நீலம், மெஜந்தா, மஞ்சள் எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் கலந்துதான் அந்தச் சாம்பலைச் செய்கிறதாம். ஒன்று துளி கூடினால் பச்சைக்குச் சாயுமாம், இன்னொன்று கூடினால் ரோஜாவுக்குச் சாயுமாம். சரி, கறுப்பு மையை மட்டும் வைத்து அடித்துத் தொலையேன் என்றால், கன்னமெல்லாம் மிளகுத்தூள் தூவினதுபோலப் புள்ளி விழுமாம். போதாததற்குத் தாளிலும் ஒரு வெள்ளை நீலம் கலந்தது, ஒரு வெள்ளை மஞ்சள் கலந்தது. எந்தப் பக்கமும் சாயாத நடுநிலையான சாம்பல் கிடைத்துவிட்டால் அவர்களுக்கு அதுவே மோட்சம்.

போடிநாயக்கனூரில் இந்த இனத்துக்கு ஒரே ஒரு பிரதிநிதிதான், அவர் பெயர் முத்துக்கண்ணன். ஐம்பத்திரண்டு வயது, ஏலக்காய் வியாபாரம். பங்காளிச் சண்டையிலோ, தெருச் சண்டையிலோ, கோயில் கமிட்டியிலோ ஒருநாளும் நடுவில் நின்று அறியாத மனுசன், சாம்பலிடம் மட்டும் நடுநிலையை எதிர்பார்த்தார். முப்பது வருசமாக ஏலக்காய் பார்த்த கண் அது. ஒரு கைப்பிடி அள்ளி உள்ளங்கையில் பரப்பினால், அந்தப் பச்சையை வைத்தே எந்த மலைச்சரக்கு, காய் உலர்த்துகிற ஸ்டோரில் எத்தனை மணி நேரம் உலர்ந்தது என்று சொல்லிவிடுவார். அந்தக் கண்ணுக்கு இருக்கிற பச்சை தப்பாது. இல்லாத பச்சையும் தப்பாது.

சட்டைப் பையில் ஏலக்காய் சாம்பிள் பாக்கெட்டோடு ஒரு துண்டுத் தாளும் இருக்கும். அதில் வெள்ளையில் தொடங்கிக் கறுப்பில் முடிகிற இருபத்தோரு சாம்பல் கட்டங்கள். டீக்கடையில் யாராவது தெரியாமல் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டால் தாள் வெளியே வரும். "ஒன்பதாவது கட்டத்தைப் பாருங்கண்ணே. உங்களுக்கு எப்படித் தெரியுது?" அந்த அண்ணன் பாவம், சாம்பல்னு தெரியுது என்பார். "அதான் இல்லை!" காக்காய் கறுப்பு என்று யாரும் அவர் எதிரே சொல்லிவிட முடியாது. வெயிலில் அது நீலம் அடிக்கிறது. எருமை கொஞ்சம் சிவப்புக்குச் சாய்கிறது. இவரைப்போலப் பதினோரு பேர் பல ஊர்களில் இருந்துகொண்டு வாட்ஸப்பில் ஒரு குழு நடத்துகிறார்கள். போனில் நிறம் சரியாகத் தெரியாது என்று ஒருவருக்கொருவர் எச்சரித்துக்கொள்வார்கள். அப்புறம் போனிலேயே படத்தை அனுப்பி, நிறம் எப்படி என்று கேட்டுக்கொள்வார்கள்.

இதெல்லாம் யாருக்கும் கெடுதல் இல்லாத பைத்தியம் என்று நானும் விட்டிருப்பேன். மாமனார் படம் நடுவில் வராமல் இருந்திருந்தால்.

முத்துக்கண்ணனின் மனைவி அமுதவள்ளி. அவளுடைய அப்பா தேவாரம் ஊர்க்காரர் பெரியகருப்பன், மலையில் ஏலத்தோட்டக் கங்காணியாக இருந்தவர். போன வருசம் காலமானார். அவருக்கு நல்ல படம் என்று ஒன்றுதான் உண்டு. நடுவயதில், தோட்டத்து ஸ்டோர் வாசலில், மடித்துக் கட்டிய வேட்டியோடு வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கி நிற்கிற சின்னக் கறுப்பு வெள்ளைப் படம். முப்பதாம் நாள் காரியத்துக்கு அதைப் பெரிதாக்கித் தருகிறேன் என்று முத்துக்கண்ணன் வாயைக் கொடுத்தார். அமுதவள்ளி சொந்தபந்தம் பூராவும் சொல்லிவைத்தாள். முப்பதாம் நாளும் வந்தது, படம் வரவில்லை. நெற்றி பச்சை அடித்ததாம்.

அவசரத்துக்கு அவள் அண்ணன் அருள்பாண்டி ஒரு ஸ்டுடியோவுக்கு ஓடினான். ஸ்டுடியோக்காரர் ஒரு மணி நேரத்தில் அதே படத்துக்குக் கலர் ஏற்றி, பின்னால் ஓர் அருவி, முன்னால் இரண்டு அன்னம், தோளில் பட்டு அங்கவஸ்திரம் எல்லாம் வைத்து பிளெக்ஸ் அடித்துக் கொடுத்துவிட்டார். ஆயுசுக்கும் வெற்றிலை தொடாத மனுசனுக்கு உதடு இரண்டும் செக்கச்செவேல். பார்த்ததும் அமுதவள்ளிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அந்த நேரம் பார்த்துத்தானா அருள்பாண்டியின் மனைவி அன்னக்கொடி வாயைத் திறக்க வேண்டும்? "உங்க வீட்டுக்காரரு பெரிய மிசினெல்லாம் வச்சிருக்காராம்ல மதினி?" அத்தனை பேர் முன்னால். அன்றைக்கு வீடு திரும்பியதும் அமுதவள்ளி புருசனிடம் சொன்னாள்: "எங்கப்பாவை எங்கப்பா மாதிரியே ஒரு படம் போட்டுக் குடுங்க. வேற ஒண்ணும் நான் கேக்கலை."

வருசத் திதிக்குள் அந்தப் படம் வந்தாக வேண்டும். வராவிட்டால் அருவியும் அன்னமும் கண்ணாடிச் சட்டத்துக்குள் புகுந்து, தேவாரத்து வீட்டுக் கூடத்தில் நிரந்தரமாகக் குடியேறிவிடும் என்று அருள்பாண்டி சொல்லிவிட்டான். பத்து மாதம் கழித்து ஒருநாள் போன் செய்தான்.

"மாப்ளே, படம் என்னாச்சு?"

"அடிச்சாச்சு மச்சான். மை காஞ்சு நிறம் நிக்கணும்ல, காஞ்சுக்கிட்டு இருக்கு."

"பத்து மாசமாவா காயுது? ஏலக்காயே ஒரு நாள்ல காஞ்சுருதே!"

முத்துக்கண்ணன் சும்மா இருக்கவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உழைத்தார். ஏலக்காய் தரம் பிரிக்கிற மேசைதான் கடையில் அகலமானது, அதில் பரப்பிப் பார்ப்பார். பச்சை அடிக்கும். கம்ப்யூட்டரில் பச்சையை ஒரு புள்ளி குறைத்து, மெஜந்தாவை ஒரு புள்ளி கூட்டி மறுபடி அடிப்பார். மறுநாள் மொட்டைமாடியில் வெயிலில் வைத்தால் மாமனார் ரோஜா நிறத்தில் வெட்கப்பட்டுக்கொண்டு நிற்பார். மெஜந்தாவைக் குறைப்பார். மேசைக்கு வந்தால் மறுபடி பச்சை. ஒரு தடவை தாளை மாற்றினார், ஒரு தடவை மையை மாற்றினார், பிரிண்டரையே ஒரு தடவை மாற்றினார். தாள் நூறைத் தாண்டியது.

மலை மூடுபனிதான் கலப்படமில்லாத சாம்பல், அதோடு ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம் என்று எவனோ குழுவில் எழுதிவிட்டான். அவ்வளவுதான். விடிந்ததும் படத்தோடு குரங்கணிக்குக் கிளம்பி, மேலே தோட்டத்துக்குப் போகிற ஜீப்பில் தொற்றிக்கொண்டார். ஒரு வளைவில் பனி இறங்கியது. வண்டியை நிறுத்தச் சொல்லிக் குதித்து, இரண்டு கையாலும் படத்தை உயர்த்தி மலைச்சரிவைப் பார்த்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஜீப் டிரைவர் பிரபுவுக்கு மனசு கேட்கவில்லை. "அண்ணே, காணாமப் போயிட்டாரா? போலீசுல சொல்லியாச்சா?"

ஜீப்பில் இருந்த பெண்களும் பதறிப்போய் இறங்கினார்கள். படம் கைமாறியது. அதில் மூக்கம்மாள் என்று ஒருத்தி, நாற்பது வருசம் ஏலக்காய் எடுத்த கை. படத்தைப் பார்த்ததும் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். "அட ஆத்தே! இது நம்ம கங்காணியில்ல! பெரியகருப்பண்ணே!"

"எங்க மாமனார்தான்" என்றார் முத்துக்கண்ணன்.

"அப்படியே நிக்கிறாரேப்பா. இந்தா, இடது புருவத்துல வெட்டுத் தழும்பு. மரம் கவாத்து பண்றப்பக் கத்தி தெறிச்சது. காப்பித்தூளை அள்ளி வச்சு அமுக்குனது நான்தேன். அம்புட்டு ரெத்தத்துலயும், 'பிள்ளைகளுக்குக் கூலியைப் போட்டுட்டு வர்றேன், அப்புறம் ஆசுபத்திரிக்குப் போவம்'னாரு."

முத்துக்கண்ணன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்து முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு கேட்டார்: "அதெல்லாம் சரி ஆத்தா. கன்னத்துல லேசாப் பச்சை அடிக்குதா, பாரு."

மூக்கம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஜீப்பில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். பனி நீலம் அடித்தது என்பது அன்றைய கண்டுபிடிப்பு.

திதிக்கு முதல் நாள் மத்தியானம். படம் இன்னும் இல்லை. அமுதவள்ளி வீட்டில் இருப்புக்கொள்ளாமல் கடைக்கே வந்துவிட்டாள். மேசை நிறைய மாமனார்கள். நடுவில் தலையைப் பிடித்துக்கொண்டு முத்துக்கண்ணன்.

"எதையாச்சும் ஒண்ணைக் கொண்டாங்க. வெரசா சட்டம் போடக் குடுக்கணும்."

"எப்படிக் குடுக்கிறது வள்ளி? எல்லாமே பச்சை அடிக்குதே!"

அமுதவள்ளி குனிந்து பார்த்தாள். பிறகு தன் கையைப் பார்த்தாள். பிறகு அண்ணாந்து, மேசைக்கு மேலே நாலு டியூப் லைட்டையும் பார்த்தாள்.

"ஏங்க, இந்த வெளிச்சத்துல என் கையே பச்சையாத்தேன் இருக்கு. உங்க வேட்டி பச்சை. உங்க பல்லு பச்சை. ஏலக்காய் நல்லாப் பச்சையாத் தெரியணும், வர்ற யாவாரி மயங்கிறணும்னு மதுரையில தேடிப் பிடிச்சு இந்த லைட்டை மாட்டுனது நீங்கதானே?"

முத்துக்கண்ணன் அண்ணாந்து பார்த்தார். ஆமாம், அவரேதான். மாட்டிய அன்று தெருவில் நாலு பேருக்கு டீ வாங்கிக் கொடுத்துக் கொண்டாடியதும் அவரேதான். வாங்க வருகிறவன் கண்ணைக் கட்ட மாட்டிய வெளிச்சம் பதினோரு மாதமாக மாட்டியவர் கண்ணைக் கட்டிக்கொண்டிருந்திருக்கிறது. ஒரு வியாபாரிகூட அதில் ஏமாறவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவர்கள் சரக்கை வாசலுக்கு எடுத்துப்போய்ப் பார்த்துத்தான் விலை பேசினார்கள்.

அப்புறம் என்ன? கூட்டிய மெஜந்தாவையெல்லாம் எடுத்தார், ஒரு தாள் அடித்தார், மொட்டைமாடிக்கு ஓடினார். அது நூற்று நாற்பத்து மூன்றாவது தாள். எந்தப் பக்கமும் சாயவில்லை. பச்சை இல்லை, ரோஜா இல்லை, நீலம் இல்லை. சுத்தமான சாம்பல். முத்துக்கண்ணன் தேம்பி அழுதுவிட்டார். பின்னாலேயே ஏறிவந்த அமுதவள்ளியும் படத்தைப் பார்த்து, "அப்பா" என்று சொல்லி அழுதாள். ஒரே படத்தைப் பார்த்து இரண்டு பேரும் அழுதார்கள், காரணம்தான் வேறு வேறு.

மறுநாள் தேவாரத்து வீட்டில் திதி. பச்சைக் குழந்தையைக் கொண்டுபோவதுபோலத் துண்டில் சுற்றி மடியிலேயே வைத்துக் கொண்டுபோனார். வாசலில் சிவப்பும் மஞ்சளுமாகச் சாமியானா. அந்த வண்ண வெளிச்சம் படத்தில் விழுமே என்று துண்டை இன்னொரு சுற்றுச் சுற்றினார். உள்ளே அருவியும் அன்னமும் இறங்கின, கறுப்பு வெள்ளைப் பெரியகருப்பன் ஏறினார். அமுதவள்ளி அன்னக்கொடியை ஒரு பார்வை பார்த்தாள். பதினோரு மாதக் கடன் அந்தப் பார்வையில் தீர்ந்தது. அன்னக்கொடி சந்தனம் வைத்தாள், குங்குமம் வைத்தாள், செண்டுப்பூ மாலை சாத்தினாள். கடைசியாகப் படத்துக்கு மேலே வழக்கமாக மாட்டுகிற சின்னச் சிவப்பு பல்பை மாட்டி சுவிட்சைப் போட்டாள்.

சாம்பல் போயே போச்சு. மாமனார் தக்காளியாக நின்றார்.

சூடம் ஏற்றப்போகிற நேரம். "மாப்ளே எங்க?" என்று யாரோ தேடினார்கள். மாப்பிள்ளை பிளாஸ்டிக் நாற்காலியின் மேல் நின்று பல்பைத் திருகிக்கொண்டிருந்தார்.

"என்ன சோலி மாப்ளே இது? இறங்குங்க!" என்றான் அருள்பாண்டி.

"ஒரு நிமிசம் மச்சான். சிவப்பு அடிக்குது."

"அடிச்சாத்தான் என்ன? சாமி கும்பிடுற நேரத்துல!"

ஆதரவு தேடி முத்துக்கண்ணன் மனைவி பக்கம் திரும்பினார். "நீ சொல்லு வள்ளி, அடிக்குதா இல்லையா?"

அமுதவள்ளி கோபப்படவில்லை. மெதுவாகத்தான் கேட்டாள். "ஒரு வருசமா ராவும் பகலும் எங்கப்பா மூஞ்சியைத்தேன் பாத்துக்கிட்டு இருந்தீங்க. அவரு புருவத்துல ஒரு தழும்பு இருக்கே. எந்தப் புருவம்? திரும்பாமச் சொல்லுங்க."

நாற்காலி மேல் நின்றவரின் விரல் தன் நெற்றிக்குப் போனது. ஒரு புருவத்தைத் தொட்டது. அங்கிருந்து இன்னொன்றுக்குப் போனது. மறுபடி முதல் புருவத்துக்கு வந்தது. முகம் வெளிறி, பாவம், பச்சையும் இல்லாமல் சிவப்பும் இல்லாமல் ஒரு நிறமாக ஆகிவிட்டது. பல்பைப் பழையபடி திருகிவிட்டு, மெல்ல இறங்கி, கூட்டத்தோடு கூட்டமாகக் கைகூப்பி நின்று, அப்போதுதான் முதல்தடவையாக மாமனாரைப் பார்த்தார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். இப்படியும் ஒரு மனுசனா என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லியும் சிரியுங்கள். கடைசியில் எனக்கும் ஒரு சின்னச் சந்தேகம், தீர்த்துவைத்துவிட்டுப் போங்கள். மேசைக்கு மேலே எத்தனை டியூப் லைட், காக்காய் என்ன நிறம் அடிக்கும், அது எத்தனையாவது தாள் எல்லாம் உங்களுக்குச் சுத்தமாக ஞாபகம் இருக்கும், எனக்குத் தெரியும். நான் கேட்பது அதையெல்லாம் இல்லை. ஜீப்பை விட்டு இறங்கி நின்று மூக்கம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாளே, அது எந்தப் புருவம்?

மேலே போய்ப் பார்க்காமல் சொல்லுங்கள்.