வழிமொழியும் சேனாபதி

வாசகரே, இன்று உங்களுக்கு ஓர் உயிரினத்தை அறிமுகம் செய்து வைக்கப் போகிறேன். பயப்பட வேண்டாம், கடிக்காது. கடிக்கலாம் என்று வேறு யாராவது முதலில் சொன்னாலொழிய அது எதுவுமே செய்யாது.

இதன் பெயர் வழிமொழிவோர். எங்கே நாலு நாற்காலி சேர்த்துப் போடப்படுகிறதோ, அங்கே ஒன்றில் இது உட்கார்ந்திருக்கும். முதல் நாற்காலியில் அல்ல, கடைசியிலும் அல்ல. ஹோட்டலில் எல்லோரும் ஆர்டர் கொடுத்து முடிக்கும்வரை மெனு கார்டைப் பரீட்சைக்குப் படிப்பதுபோல் படித்துவிட்டு, "எனக்கும் அதேதான்" என்று மூடி வைப்பது இதுதான். எதைச் சொன்னாலும் "கரெக்ட்" என்னும். அதற்கு நேர்மாறாக ஒன்றைச் சொல்லிப் பாருங்கள். "அதுவும் கரெக்ட்" என்னும்.

எங்கள் தெருவில் இந்த இனத்தின் அப்பழுக்கில்லாத மாதிரி ஒருவர் இருந்தார். பெயர் சேனாபதி. ஆபீஸ் நண்பர் வீடு வாங்கிய தெருவிலேயே வீடு வாங்கினார். பக்கத்து வீட்டில் பச்சை மினிவேன் வந்ததும் பச்சை மினிவேன் வாங்கினார். ஒருமுறை தமிழ்ச் சங்கத்துப் பிக்னிக்குக்குப் போகும்போது, "முன்னாடி போற வண்டிய ஃபாலோ பண்ணிக்கிறேன்" என்று கிளம்பியவர், ஏதோ ஒரு பச்சை மினிவேனின் பின்னாலேயே பென்சில்வேனியாவரை போய், யாரோ ஒரு வெள்ளைக்காரர் வீட்டு வாசலில் குடும்பத்தோடும் புளியோதரைப் பாத்திரத்தோடும் இறங்கினார். பச்சை மினிவேன்கள் உலகத்தில் பல உண்டு என்பது அவருக்கு அன்றுதான் தெரிந்தது.

இப்படிப்பட்டவர் எங்கள் கவுண்டியின், அதாவது அமெரிக்க மாவட்டத்தின், சுகாதார வாரியத்தில் எப்படி உறுப்பினரானார் என்று கேட்கிறீர்களா? இப்படிப்பட்டவர் என்பதால்தான் ஆனார்.

நியூ ஜெர்ஸி என்றதும் உங்களுக்கு டர்ன்பைக்கும் டோல் கேட்டும்தான் நினைவுக்கு வரும். மான்மவுத் ஜங்ஷனில் பருப்பும் புளியும் வாங்கிக்கொண்டு மேற்கே ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். கடைகள் தீர்ந்து சோளக்காடு வரும். அப்புறம் சோயா வரும். அப்புறம் பசுமாடு வரும். அதற்கும் அப்புறம் நாங்கள் வருவோம்: ஃபெசன்ட் லேன், இருபத்திரண்டு வீடு, பாதிக்கு மேல் நம்மவர்கள். காட்டை வெட்டித் தெருவாக்கியவர் யாரோ. எங்களுக்கு அந்த வீடுகளை ஒவ்வொன்றாக விற்றவர் ஹாஃப்மன். அவரேதான் சுகாதார வாரியத்தின் தலைவரும். புதிதாகக் குடிவந்தவர்கள் சார்பில் ஒரு முகம் வேண்டும் என்று வந்தபோது, தான் விற்ற வீடுகளிலேயே அதிகமாகத் தலையாட்டிய வீட்டை நினைவு வைத்துக்கொண்டு தேர்ந்தெடுத்தார்.

வாரியத்தின் வேலை என்ன? செப்டிக் டேங்க், ஃப்ளூ ஊசி, ரக்கூன்களுக்கு வெறிநோய் மருந்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் தலையில் பேன், கவுண்டிச் சந்தையில் பஞ்சுமிட்டாய் விற்பவர் கை கழுவினாரா என்பது. மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, மாலை ஏழு மணிக்கு, தீயணைப்பு நிலையத்தின் பின்னறையில் ஐந்து பேர் கூடுவார்கள். ஹாஃப்மன் ஒருவர். மாட்டு டாக்டர் கார்வர் அம்மாள் ஒருவர். சோயா பயிரிடும் டேல் ஒருவர். ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர். கூட்டம் முழுக்க ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருப்பார். ஐந்தாவது சேனாபதி.

கூட்டத்தின் விதி சுலபமானது. ஒருவர் தீர்மானம் கொண்டுவர வேண்டும், இன்னொருவர் "செகண்ட்" என்று வழிமொழிய வேண்டும். வழிமொழிய ஆளில்லையென்றால் தீர்மானம் அங்கேயே செத்தது. விவாதம்கூடக் கிடையாது. சேனாபதிக்கு இந்த விதியைச் சொன்ன அன்று, இத்தனை நாளாகத் தான் சும்மா செய்துவந்த காரியத்துக்கு ஓர் உத்தியோகமே இருக்கிறதே என்று உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டதாம். நாலு வருஷம். "செகண்ட்!" "செகண்ட்!" ஜனவரியில் ரக்கூன்களுக்கு மருந்து வைப்பதை வழிமொழிந்தார். மார்ச்சில் அதை நிறுத்துவதையும் வழிமொழிந்தார். ஏன் சார் என்று கேட்டேன். "ரெண்டு பேர் சொன்னதும் வேலிட் பாயின்ட்தானுங்களே?" என்றார்.

இப்போது தண்ணீருக்கு வருவோம். எங்கள் பக்கம் குழாய்த் தண்ணீர் கிடையாது, வீட்டுக்கொரு கிணறு. கிணறு என்றதும் ராட்டினத்தையும் வாளியையும் நினைக்காதீர்கள். புல்தரையில் முழ உயரத்துக்கு ஓர் இரும்புக் குழாய் தலையை நீட்டிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். தோண்டிய அன்று ஒருமுறை சோதிப்பார்கள்; அதற்கப்புறம் யாரும் சீண்ட மாட்டார்கள். நாங்கள் கவலைப்பட்டதும் இல்லை. தண்ணீரைப் பற்றி நமக்கா சொல்லித்தர வேண்டும்? எந்த ஊர்த் தண்ணீரானால் என்ன, கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சி ஆறவைத்துக் குடித்தால் ஒன்றும் செய்யாது. இது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். மேலே போவோம்.

சேனாபதி வீட்டுக்கு எதிர்வீடு வான்மதியுடையது. கணவன் அகிலனுக்கு டெக்ஸாஸில், பிளானோவில் கன்சல்டிங் வேலை. இரண்டு வாரத்துக்கொருமுறை விமானத்தில் வந்து துணியைத் துவைத்துக்கொண்டு போவான். கையில் மூன்று மாதக் குழந்தை, புட்டிப்பால். "கிணத்துத் தண்ணிலதான் ஃபார்முலா மிக்ஸ் பண்றேன், ஓகேதானே?" என்று என்னைத்தான் கேட்டாள். "பத்து நிமிஷம் நல்லா காய்ச்சும்மா, பயமே இல்ல" என்று நானும் சொன்னேன். பொறுப்பான பெண். பதினைந்து நிமிஷம் காய்ச்சினாள்.

1998 பிப்ரவரியில் ஒரு நாள் குழந்தையின் உதடு நீலம் பாரித்தது.

டாக்டர் கேட்ட முதல் கேள்வியே, என்ன தண்ணீர் என்பதுதான். சோதித்தார்கள். நைட்ரேட் என்று ஒரு சமாச்சாரம், வயலுக்குப் போடும் உரம் மண்ணில் இறங்கிக் கிணற்றில் சேர்வது, லிட்டருக்குப் பத்து மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. இருந்தது பதினெட்டு. பெரியவர்கள் தாங்குவார்கள், கைக்குழந்தையின் ரத்தம் தாங்காது. காய்ச்சினால் கிருமி சாகும், வாசகரே. உரம் சாகாது. தண்ணீர் ஆவியாகப் போகப் போக, உரம் பாத்திரத்தில் வத்தக்குழம்புபோலக் கெட்டியாகிக்கொண்டே வரும். பத்து நிமிஷத்துக்குப் பத்து நிமிஷப் பலன், பதினைந்துக்குப் பதினைந்து.

கடைத் தண்ணீருக்கு மாற்றியதும் குழந்தை தேறிவிட்டது. வேறொருத்தியாக இருந்தால் அதோடு விட்டிருப்பாள். வான்மதி விடவில்லை. "எங்க வீட்ல இருந்தா உங்க வீட்லயும் இருக்கும்ல?" என்று வீடு வீடாக வந்தாள். தெருவிலுள்ள எல்லாக் கிணற்றையும் கவுண்டியே சோதிக்க வேண்டும். அதற்கு வாரியத்தில் தீர்மானம் வேண்டும். நாங்கள் எல்லோரும் ஒரே குரலில், "நீ தைரியமா பேசும்மா, உன் பின்னாடி நாங்க இருக்கோம்" என்றோம். அவள் படியிறங்கியதும் கதவைச் சாத்திக்கொண்டு, "ரிசல்ட் வெளிய தெரிஞ்சா நாளைக்கு இந்த வீட்ட எவன் வாங்குவான்?" என்றும் ஒரே குரலில்தான் கேட்டுக்கொண்டோம். ஆனாலும் வாக்குத் தவறவில்லை. மார்ச் மாதக் கூட்டத்தில் அவள் பின்னால்தான் இருந்தோம். கடைசி வரிசையில்.

பொதுமக்கள் பேச ஆளுக்கு மூன்று நிமிஷம். வான்மதி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, லேப் காகிதத்தை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, இரண்டரை நிமிஷத்தில் சொல்லி முடித்தாள். அடுத்து என் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்து, முன்னால் பேசியவர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். மாட்டு டாக்டர் அம்மாள் கன்றுக்குட்டிக்கே இந்தத் தண்ணீரைக் கொடுக்க மாட்டேன் என்று சொல்லித் தீர்மானத்தைக் கொண்டுவந்தார்.

"வழிமொழிபவர் உண்டா?" என்றார் ஹாஃப்மன். அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! இருபத்திரண்டு வீடு விற்ற முகம். டேல் தன் பூட்ஸைப் பார்த்தார். உரம் அவர் வயலிலிருந்தும் வந்திருக்கலாம். டீச்சர் ஸ்வெட்டரின் கண்ணிகளை எண்ணிக்கொண்டிருந்தார். வான்மதி சேனாபதியைப் பார்த்தாள். நாங்களும் பார்த்தோம். தினமும் எதிர்வீட்டு ஜன்னலில் அந்தக் குழந்தைக்குக் கை காட்டுகிறவர், எதற்கெடுத்தாலும் "செகண்ட்" என்கிறவர், அவர் சொல்லாமல் யார் சொல்வார்?

சேனாபதி கூரையைப் பார்த்தார். கூரை ஓடுகளில் ஒன்று கறைபட்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இங்கேதான் இந்த உயிரினத்தைப் பலர் தப்பாக எடைபோடுகிறார்கள். வழிமொழிகிறவனுக்கு எல்லாவற்றிலும் சம்மதம் என்று நினைக்கிறார்கள். கிடையாது. ஏற்கெனவே ஜெயித்துவிட்டதைத்தான் அவன் வழிமொழிவான். முகங்களைப் பார்த்து எண்ணிக்கொண்டுதான் வாயைத் திறப்பான். அன்றைக்கு எண்ணிக்கை தேறவில்லை. தீர்மானம் செத்தது. அடுத்த விஷயம், காபி மெஷின் ரிப்பேர்.

"செகண்ட்!" என்றார் சேனாபதி.

அன்று அவர் வீட்டில் நடந்ததை அவர் மனைவி வள்ளி தெருவுக்கே சொல்லியிருக்கிறாள். அதனால் நானும் சொல்லலாம்.

"என்னங்க ஆச்சு?"

"மோஷன் செத்துப்போச்சு வள்ளி."

"எப்படிங்க செத்துச்சு?"

"செகண்ட் பண்ண ஆளில்ல."

"அப்ப நீங்க எங்க போயிருந்தீங்க?"

"அங்கதான் இருந்தேன்."

வள்ளி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாளாம். அப்புறம், "சரிங்க. இனிமே இந்த வீட்ல நான் எதையும் எடுத்துச் சொல்றதா இல்ல. நீங்களா ஒண்ணு சொல்லுங்க, நான் செகண்ட் பண்றேன்" என்றாளாம்.

ஒரு மாதம். காலையில் "என்ன டிபன்?" என்றால் "நீங்க சொல்லுங்க." சனிக்கிழமை "எங்க போலாம்?" என்றால் "நீங்க சொல்லுங்க." மனிதர் மூன்று வேளையும் கார்ன்ஃப்ளேக்ஸ் சாப்பிட்டார். ரொட்டி வாங்கப் போய் அலமாரி முன்னால் முக்கால் மணி நேரம் நின்று, யாரோ ஓர் அமெரிக்க அம்மாள் ஒன்றை எடுத்ததும் அதையே எடுத்துக்கொண்டு வந்தார். அது வெங்காய ரொட்டி; வீட்டில் யாரும் தொடவில்லை. மகள் வெண்பா, "அப்பா, ஜஸ்ட் பிக் சம்திங்!" என்று கத்தினாள். அவரோ ஜன்னல் வழியாக எதிர்வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். வான்மதி ஒரு பக்க இடுப்பில் குழந்தையும் மறு கையில் கடைத் தண்ணீர் கேனுமாக, கார் ட்ரங்க்குக்கும் வாசலுக்கும் எட்டு நடை நடந்தாள். வாரத்துக்கு இரண்டு தடவை. எங்கள் எல்லோர் வீட்டு ஜன்னலிலும் அது தெரிந்தது. எனக்குப் பார்க்கவே வெட்கமாக இருந்தது. அதனால் திரையை இழுத்துவிட்டேன்.

ஏப்ரல் கூட்டம். இந்தத் தடவை வழிமொழிந்தே தீருவது என்று முடிவு செய்து, காரிலேயே இருபது தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் சேனாபதி வந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். மாட்டு டாக்டர் அம்மாள் வந்து தீர்மானத்தைக் கொண்டுவர வேண்டியதுதான் பாக்கி.

அம்மாள் வரவில்லை. எங்கேயோ ஒரு பசுவுக்குப் பிரசவம்.

ஃப்ளூ ஊசிக் கணக்கு ஆயிற்று. பேன் ஆயிற்று. "வேறு ஏதாவது உண்டா?" என்று ஹாஃப்மன் கேட்டார். முன்வரிசையில் வான்மதி குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். அவள் தீர்மானம் கொண்டுவர முடியாது. உறுப்பினர்தான் கொண்டுவர வேண்டும். யாராவது சொல்வார்கள் என்று சேனாபதி டேலைப் பார்த்தார். டீச்சரைப் பார்த்தார். கடைசி வரிசையில் எங்களைக்கூடப் பார்த்தார். நாங்கள் கூரையைப் பார்த்தோம். கூட்டத்தை முடிக்க ஹாஃப்மன் சுத்தியலைத் தூக்கினார்.

"செகண்ட்!"

சேனாபதி எழுந்தே நின்றுவிட்டார். ஹாஃப்மன் சிரித்தார். "எதை? இங்கே தீர்மானமே இல்லையே."

"தண்ணீர்த் தீர்மானத்தை."

"அது போன மாதமே செத்துவிட்டது."

"நான் அன்னைக்கு செகண்ட் பண்ணியிருக்கணும். பண்ணல. இப்போ பண்றேன்" என்றார் சேனாபதி. அவர் ஆங்கிலத்தில் சொன்னதைத்தான் தமிழில் தருகிறேன். குரல் நடுங்கியதைத் தர முடியவில்லை. சொல்லிவிட்டு உட்காரவும் தெரியாமல் நின்றார்.

டேல் பூட்ஸிலிருந்து கண்ணை எடுத்தார். "நாலு வருஷமாக இந்த மனிதர் எங்களுக்குப் பின்னால்தான் வந்துகொண்டிருந்தார். இன்றைக்கு எங்களுக்கு முன்னால் நிற்கிறார் என்றால், நாங்கள்தான் எங்கேயோ பின்தங்கிவிட்டோம். சரி, நான் கொண்டுவருகிறேன், எழுதிக்கொள்ளுங்கள். முதலில் என் கிணற்றைச் சோதியுங்கள்."

டீச்சர் பின்னல் ஊசியோடு கையைத் தூக்கினார். மூன்றுக்கு ஒன்று. நிறைவேறியது. வான்மதி குழந்தையின் தலையில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். குழந்தை சேனாபதியைப் பார்த்துக் கையை ஆட்டியது.

இருபத்திரண்டு கிணற்றில் பதினொன்று பத்தைத் தாண்டியிருந்தது. என் வீட்டுக் கிணறு இருபத்து மூன்று. நாலு வருஷமாக அதைத்தான் காய்ச்சிக் குடித்துக்கொண்டிருந்தோம். இப்போது யாரைக் கேட்டாலும், "நாங்க எல்லாம் சேர்ந்துதான் அந்தக் கவுண்டிய உலுக்கினோம்" என்பார்கள். கடைசி வரிசையில் ஒரு நாற்காலிகூடக் காலியாக இல்லை என்பது மட்டும் உண்மை. ஏப்ரல் கூட்டம் முடிந்த அன்றிரவு வள்ளி, "என்னங்க சமைக்கட்டும்?" என்று கேட்டாள். சேனாபதி நெடுநேரம் யோசித்து, "சந்தகை" என்றார், அவர் ஊர்ப்பக்கத்து இடியாப்பம். "செகண்ட்" என்றாள் வள்ளி. மறுநாள் காலையிலிருந்து அவர் பழையபடி ஆகிவிட்டார். அது வேறு விஷயம்.

சிரிக்கிறீர்கள். நான் அந்த இனமில்லை, எதையும் யோசித்துத்தான் ஒப்புக்கொள்வேன் என்கிறீர்கள். ரொம்ப சந்தோஷம். மேலே ஓரிடத்தில், கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சிக் குடித்தால் எந்தத் தண்ணீரும் ஒன்றும் செய்யாது, உங்களுக்கும் தெரியும் என்றேனே, ஞாபகமிருக்கிறதா? அப்போது தலையை ஆட்டினீர்களா, இல்லையா?

நான் சொன்னபோது வான்மதியும் அப்படித்தான் ஆட்டினாள்.