முடுக்குக்குள் வந்த வள்ளம்

“கதவே இல்ல, பெறகு கதவு எண்ணுக்கு நான் எங்க தாயி போவேன்?” என்றார் இன்னாசி.

தேன்மொழி கணினித் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். விண்ணப்பம் முழுவதும் முடிந்துவிட்டது. ‘நிறுவனத்தின் கதவு எண்’ என்ற ஒரு கட்டம் மட்டும் காலியாக நின்றது. அதை நிரப்பாமல் அடுத்த பக்கம் திறக்காது. திசையன்விளைக்குத் தெற்கே கடற்கரை மணலில் நான்கு தூண்கள், மேலே தகரம். இன்னாசி ஃபைபர் வள்ளம் கட்டும் பட்டறை அவ்வளவுதான்.

வெள்ளக் காலத்துக்கென்று அரசுத் துறை ஒன்று ஆறு மீட்பு வள்ளங்களுக்கு டெண்டர் கேட்டிருந்தது. உள்ளூர்ச் சிறுதொழில்காரர்களை இத்தகைய டெண்டர்களில் சேரவைப்பது தேன்மொழியின் வேலை. மூன்று வருடமாகச் செய்கிறாள். அவள் விண்ணப்பம் போட்டுக்கொடுத்த யாருக்கும் இதுவரை துடைப்பம் விற்கிற ஆர்டர்கூட விழுந்ததில்லை.

“இதுவும் கிடைக்கலைன்னா பட்டறைய மூடிட்டு மருமவன்கூட குவைத்துக்குப் போயிருவேன். அங்கன வாட்ச்மேன் வேல இருக்காம்” என்றார் இன்னாசி.

வாழ்நாளெல்லாம் வள்ளம் கட்டிய மனிதர் யார் வீட்டு வாசலிலோ நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. காலிக் கட்டமும் அவளுக்குத் தாங்காது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். பேச்சில் ஓர் இடைவெளி விழுந்தால்கூட எதையாவது சொல்லி நிரப்பிவிடுவாள். அப்புறம் ஏன் சொன்னோம் என்று ராத்திரியெல்லாம் புரளுவாள்.

டவுணில் தான் வாடகைக்கு இருக்கும் வீட்டின் எண்ணைத் தட்டினாள். பக்கம் திறந்தது.

அடுத்த மாதம் துறை அலுவலகத்திலிருந்து முகம்மது மைதீன் என்கிற எழுத்தர் பேசினார்.

“அக்கா, உங்க அண்ணாச்சி வெலதான் இருக்கதுலயே கொறச்சல். நாளைக்குக் காலைல கமிட்டி நேர்ல வந்து வள்ளத்தப் பாக்கும்.”

“எங்க வந்து?”

“நீங்க போட்டிருக்க விலாசத்துலதான்.”

தேன்மொழி இன்னாசியைக் கூப்பிட்டு, ஒரு வள்ளத்தை விடியுமுன் டவுணுக்குக் கொண்டுவரச் சொன்னாள்.

“டவுணுக்கா?” என்றார் அவர். “அங்கன கடல் எந்தப் பக்கம் தாயி இருக்கு?”

மறுநாள் வானம் மூடிக்கிடந்தது. லாரி ரத வீதியோடு நின்றுவிட்டது. தேன்மொழி வீடு இருக்கும் குறுகலான சந்து அந்த முடுக்கு; அதற்குள் ஆட்டோவே ஒருக்களித்துத்தான் வரும். அல்வாக் கடைப் பையன்களும் பால்காரர்களும் சேர்ந்து வள்ளத்தைத் தூக்கிவந்து இறக்கினார்கள். தேன்மொழி வீட்டுப் படிக்கும் எதிர்வீட்டு மாரிக்கண்ணு படிக்கும் நடுவே வள்ளம் கச்சிதமாக உட்கார்ந்தது. மிச்ச இடத்தில் ஒரு பூனை போகலாம்.

இன்னாசி கயிற்றை எடுத்து வள்ளத்தை மின்கம்பத்தோடு கட்ட ஆரம்பித்தார்.

“எதுக்கு அண்ணாச்சி கட்டுதிய? இங்கன இருந்து எங்க போயிரப் போவுது?”

“கட்டாத வள்ளத்த விட்டுட்டுப் போனா எனக்கு டீ எறங்காது.”

நங்கூரத்தையும் சாக்கடை ஓரமாகப் போட்டுவிட்டு, நிம்மதியாக டீக்கடைக்குப் போனார்.

வீட்டுச் சொந்தக்காரர் நாறும்பூநாதன் பல்குச்சியோடு வந்து நின்றார். “என்னம்மா இது?”

தன் வீட்டு எண்ணில் ஒரு கம்பெனி இருப்பது தெரிந்தால் கரண்ட் பில்லைக் கடைக் கணக்கில் போட்டுவிடுவார்கள் என்று அவர் குதிப்பார். வாடகையும் ஏறும். தேன்மொழி பேசாமல் நின்றாள். அவரும் பேசாமல் நின்றார். அந்த இடைவெளி அவளுக்குத் தாங்கவில்லை.

“கவர்மெண்ட் விஷயம் சார்” என்றாள்.

நாறும்பூநாதன் கயிற்றைப் பார்த்தார். நங்கூரத்தைப் பார்த்தார். அண்ணாந்து வானத்தைப் பார்த்தார். வாயைக்கூடக் கொப்பளிக்காமல் உள்ளே ஓடினார்.

சற்று நேரத்தில் மாரிக்கண்ணு வந்தாள். “அணையத் தொறக்காங்களாமே?”

“அதெல்லாம் இல்லக்கா. பயப்படாதீங்க.”

“நாறும்பூ சார் ஃபிரிட்ஜ மாடிக்குத் தூக்குதாரு, நீ என்னடான்னா பயப்படாதீங்கன்னு சொல்லுத. போன வெள்ளத்துலயும் எங்க வீட்டுக்காரரு இப்படித்தான் பயப்படாதன்னாரு. கடைசியில எங்க வீட்டுல ஆட்டுரல் மட்டுந்தான் எடத்த விட்டுப் போகாம கெடந்துது.”

தான் சொல்வதை யாரும் நம்பப் போவதில்லை என்று தேன்மொழிக்குப் புரிந்தது. டீக்கடையிலிருந்து இன்னாசியைக் கையோடு கூட்டிவந்தாள். அதற்குள் முடுக்கு நிறைய ஆட்கள்.

“அண்ணாச்சி, இந்த வள்ளம் எதுக்கு வந்திருக்குன்னு நீங்களே சொல்லுங்க.”

கேள்வி கேட்டு நிற்கும் எல்லாரையும் கமிட்டி என்று இன்னாசி நினைத்துவிட்டார். துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

“வெள்ளத்துல ஆள ஏத்தத்தான். வேற எதுக்கு?”

“மாதாவே” என்று யாரோ அலறினார்கள்.

“எத்தன பேர் ஏறலாம்?” என்றார் நாறும்பூநாதன்.

“பதினஞ்சு பேரு தாராளமா உக்காரலாம். பிள்ளையள மடியில வச்சுக்கிடணும்.”

நாறும்பூநாதன் தோளில் கிடந்த துண்டை எடுத்து முன் பலகையில் போட்டார், பஸ்ஸில் ஜன்னல் வழியாகப் போடுவதுபோல. பின்னாலேயே குடை, கூடை, தூக்குவாளி எல்லாம் வந்து விழுந்தன. மாரிக்கண்ணு ஒரு மிக்சியை வைத்தாள்.

“மிக்சி எதுக்குக்கா?”

“சீட்டுக்கு. துண்டுன்னா நவுத்திப் போட்டுருவானுவ.”

வள்ளத்தின் படம் போன்போனாகப் போயிற்று. இடம் கிடைக்காதவர்கள் பாளையங்கோட்டைச் சொந்தக்காரர் வீடுகளுக்குக் கிளம்பினார்கள். இடம் கிடைத்தவர்களும், எதற்கு வம்பு என்று அவர்கள் பின்னாலேயே கிளம்பினார்கள். ரத வீதியில் கடைகளின் ஷட்டர்கள் இறங்கும் சத்தம் கேட்டது. தேன்மொழி ஒவ்வொருவரையும் மறித்து, “வெள்ளம் இல்ல, சும்மா காட்டுறதுக்குக் கொண்டுவந்தது” என்றாள்.

“கயிறு போட்டுக் கட்டியில்லா வச்சிருக்கு” என்று சொல்லிவிட்டு அவர்கள் நடையை எட்டிப் போட்டார்கள்.

மதியத்துக்குள் முடுக்கில் வள்ளமும் அவர்கள் இருவரும்தான் மிச்சம். கமிட்டியின் கார் ரத வீதி நெரிசலில் மாட்டி நிற்பதாகச் செய்தி வந்தது.

“வருவாங்களா தாயி?” என்று கேட்டார் இன்னாசி. அவர் முகத்தைப் பார்க்காமலிருக்க அவள் நங்கூரத்தைப் பார்த்தாள். ஒரு கட்டத்தை நிரப்பத்தான் ஆரம்பித்தாள், டவுணே காலியாகிவிட்டது. நாளைக்கு இந்த மனிதர் பட்டறையைப் பிரித்துத் தகரத்தை விற்பார். அதற்கும் அவளேதான் யாரையாவது பிடித்துக் கொடுக்க வேண்டும்.

வியர்வையில் சட்டையெல்லாம் நனைந்து முகம்மது மைதீன் நடந்தே வந்து சேர்ந்தார். தேன்மொழி எழுந்து நின்றாள்.

“தம்பி, வெள்ளம்லாம் கெடையாது. விலாசம் என் வீட்டு விலாசம். அண்ணாச்சிக்குப் பட்டறை கடற்கரையில இருக்கு, கதவு கெடையாது. எல்லாத் தப்பும் என்னுது. அவர ஒதுக்கிராதீங்க.”

மைதீன் ஒன்றும் சொல்லாமல் வள்ளத்தைச் சுற்றி வந்தார். மறுபடி ஓர் இடைவெளி. இந்தமுறை அவள் அதை நிரப்பவில்லை. அவ்வளவு ஒன்றும் பயங்கரமாக இல்லை என்று தோன்றியது.

“விலாசத்தத் திருத்திக்கிடலாம்” என்றார் மைதீன். “வெள்ளம் இல்லன்னும் எங்களுக்குத் தெரியும்க்கா, அணையில பேசியாச்சு. கமிட்டி காருக்குள்ளயே உக்காந்து, சனம் போறதப் பாத்துக்கிட்டு இருந்துது. போன வெள்ளத்துல மைக் கட்டிச் சொன்னோம், சங்கு ஊதினோம், கைய எடுத்துக் கும்புட்டோம். ஒரு ஆளு வீட்ட விட்டு எறங்கல.”

இன்னாசிக்குப் பொறுக்கவில்லை. வள்ளத்தின் விலாவில் தட்டினார். “அதெல்லாம் கெடக்கட்டும் தம்பி. எஞ்சின மாட்டி ஆத்துல ஒரு ஓட்டம் விட்டுக் காட்டட்டா? அலையில விட்டாலும் அசையாது பாத்துக்கிடுங்க!”

“அதெல்லாம் வேண்டாம் அண்ணாச்சி, ஆர்டர் ஒங்களுக்குத்தான். ஆறு பத்தாதாம், ஒவ்வொரு முடுக்குக்கும் ஒண்ணு கேக்காங்க. கயிறு போட்டுக் கட்டி நிறுத்தினா போதும், மெதக்கணும்னுகூட இல்லையாம்.”