முட்டை பப்ஸும் காலி பாட்டிலும்

"தண்ணி குடிச்சா எந்திரிக்கோணும். எந்திரிச்சா பீஸ் போயிரும். எதுக்கு வம்பு?"

வேலம்பாளையத்தில் நான் வேலை பார்க்கும் பனியன் கம்பெனியில், ஓவர்லாக் மெஷினில் ஓரம் வெட்டித் தைக்கிற செல்வி அக்கா பக்கத்து மெஷின்காரரிடம் இப்படிச் சொன்னது என் காதில் விழுந்தது. அக்கா போன மாதம்தான் நீர்க்கடுப்பு வந்து சுருண்டு படுத்தவர். தைக்கிற பீஸுக்குத்தான் அவருக்குக் கூலி.

நான் அங்கே வெல்ஃபேர் ஆபீசர். பேர்தான் பெரிசு. நாலு பேர் திரும்பிப் பார்த்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

அன்றைக்கு எனக்கு வந்த வேலை, எல்லோரையும் தண்ணீர் குடிக்க வைப்பது.

காலேஜில் எகனாமிக்ஸ் படித்தவள் ஆயிற்றே. பரிசு வைத்தால் பேசவே வேண்டாம். ஆளுக்கொரு பாட்டில் தண்ணீர் கொடுத்து, ஓர் அட்டையில் எழுதி ஒட்டினேன்: 'மதியத்துக்குள் பாட்டில் காலியானால் ஒரு முட்டை பப்ஸ்.'

மதியம் எல்லா பாட்டிலும் காலி. எனக்குத் தலைகால் புரியவில்லை. பப்ஸ் கொடுத்துக்கொண்டே அயர்னிங் பக்கம் போனேன்.

"ரொம்பச் சந்தோசமுங்க மேடம்," என்றார் அயர்ன் மாஸ்டர். "இன்னிக்கு நான் ஸ்டீம் டேங்குக்குத் தண்ணியே தூக்கலீங்க. எல்லாரும் பாட்டில்ல கொண்டாந்து ஊத்திட்டாங்க."

அயர்ன் பாக்ஸ் புஸ்ஸென்று ஆவி விட்டது. என்னைப் பார்த்துத்தான்.

நேரே செல்வி அக்காவிடம் போனேன். "ஏனுங்கக்கா, இப்படிப் பண்ணலாமா?"

"பப்ஸ் நல்லா இருந்துச்சு கண்ணு. ஆனா நான் எந்திரிச்சுப் போற நேரத்துக்கு, எம்பட பீஸை நீ தெச்சுத் தருவியா?"

"தைக்கிறேங்கக்கா," என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஒரு பாட்டில் தண்ணீரை மடமடவென்று குடித்துவிட்டு, பாத்ரூம் பக்கம் நடந்தார்.

மெஷினில் உட்கார்ந்து பெடலை மிதித்தேன். மிதித்ததுதான் தெரியும். அது என் துப்பட்டாவையும் சேர்த்து இழுத்து, ஓரத்தை வெட்டி, டி-ஷர்ட் கையோடு அழகாகத் தைத்துவிட்டது. நானும் டி-ஷர்ட்டும் பிரிக்க முடியாமல் உட்கார்ந்திருந்தோம். எனக்கு அடுத்துத் தைக்கிறவர்களுக்குப் பீஸ் போகாமல் லைன் நின்றுபோனது.

சூப்பர்வைசர் அண்ணன் வந்தார்.

"மேடம், இந்த ஆர்டர்ல துப்பட்டா வெக்கச் சொல்லி இல்லீங்களே."

லைன் முழுக்கச் சிரிப்பு. எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது.

"இதெல்லாம் யார் கணக்குங்க?" என்று தைத்த பீஸ் விழும் பெட்டியைக் காட்டிக் கேட்டார்.

"செல்வி அக்கா கணக்குங்கண்ணா. அவங்க பாத்ரூம் போயிருக்காங்க. பீஸ் போயிருமேன்னு..."

அவர் கத்தரியை எடுத்து என்னை விடுவித்தார். "எந்திரிங்க," என்று சொல்லி, அதே ஸ்டூலில் உட்கார்ந்து தைக்கத் தொடங்கினார்.

திரும்பி வந்த செல்வி அக்கா, தன் பெட்டியில் பீஸ் விழுவதைப் பார்த்தார். பிறகு நான் தண்ணீர் பிடித்து வைத்திருந்த பாட்டிலை வாங்கி, அண்ணாந்து குடித்தார்.