வியாழக்கிழமை ஐஸ்

ஐஸ் பெட்டியில் இரண்டே துண்டுகள் கிடந்தன. அதிலும் ஒன்று உடைந்தது.

ஜான்சன் பிரீசர் கதவைப் பிடித்தபடி நின்றான். திங்கட்கிழமை இரவு ஏழரை மணி. ஞாயிற்றுக்கிழமை சத்யா மேடம் வருகிறார். கேமராவோடு வருகிறார்.

சென்னையில் ஒரு பிரிட்ஜ் கம்பெனியின் கஸ்டமர் கேரில் ஜான்சனுக்கு ஆறு வருஷமாக வேலை. ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, தமிழ்நாடு முழுக்க மக்கர் பண்ணும் பிரிட்ஜுகளுக்கு வைத்தியம் சொல்வான். பத்துப் பேர் கூப்பிட்டால் எட்டுப் பேருக்கு மெக்கானிக்கை அனுப்பாமல் போனிலேயே சரி செய்துவிடுவான். ஆபீஸில் வேறு யாரும் ஐந்தைத் தாண்டியதில்லை. இப்போது டிரெயினர் இடம் காலி. டீம் லீடர் சத்யா அவன் பெயரைத்தான் மேலே அனுப்பியிருந்தார். கூடவே ஒரு யோசனையும். பழவேற்காடு ஏரிக்கரையில், மீனவக் குப்பத்தில், கம்பெனி ஆள் வீட்டில், கம்பெனி பிரிட்ஜில் ஐஸ் தானாகக் கொட்டுவதை ஒரு நிமிஷ வீடியோவாக எடுப்பது. அதைப் போட்டுக் காட்டினால் டிரெயினர் பதவி உறுதி.

"உங்க வீட்ல ஐஸ் நல்லா விழுதில்ல, ஜான்சன்?"

"கொட்டுது மேடம்."

சொல்லிவிட்டான். பிரிட்ஜின் மேல் கதவை, பிரீசர் கதவை, அவன் திறந்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. ஜெஸ்ஸி இறந்து ஒன்றரை வருஷம். அவளுக்காக வாங்கிய பிரிட்ஜ் அது. இப்போது கீழ்க் கதவை மட்டும் திறப்பான். தண்ணீர் பாட்டில், முட்டை, பக்கத்து வீட்டுக் குழம்பு. ஒற்றை ஆளுக்கு ஐஸ் எதற்கு?

ஐஸ் இல்லையென்றால் என்ன செய்வது என்று ஆயிரம் பேருக்குச் சொன்னவன். நிதானமாகக் குளிரைக் கடைசி எண்ணுக்குத் திருப்பினான்.

செவ்வாய்க்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்குத் திறந்து பார்த்தான். அரைப் பெட்டி ஐஸ். விசிலடித்துக்கொண்டே பஸ்ஸுக்குப் போனான். அவன் விசிலடித்தும் ஒன்றரை வருஷம்தான்.

சாயங்காலம் திரும்பி வந்தால், நான்கு முட்டைகள் வெடித்திருந்தன. நண்டுக் குழம்பு கருங்கல்லாக இருந்தது. ஐஸ் பெட்டி காலி.

"இன்னா மாப்ள, பொட்டிக்குள்ள தலைய வுட்டுக்கினு கீற?"

ஆரோக்கியமேரி. ஜெஸ்ஸியின் சித்தி, பக்கத்து வீடு. நண்டு வியாபாரம். ஜான்சன் விடியுமுன் கிளம்பினால் இருட்டித்தான் வருவான் என்பதால், சாவி அவளிடம்தான் இருக்கும். பகலில் வந்து வீட்டைக் கூட்டி, குழம்பு வைத்துவிட்டுப் போவாள்.

"ஐஸ் காணோம் அத்தை."

"அதான் மாப்ள, நானே உன்கிட்ட ஒன்னு சொல்லணும்னு..."

"இது டெக்னிக்கல் விஷயம் அத்தை. காலையில அரைப் பெட்டி இருந்துச்சு. இப்போ இல்ல. ஆனா இந்தத் தொட்டியப் பாருங்க."

கீழே தண்ணீர்த் தொட்டி. அதில் ஊற்றுகிற தண்ணீர்தான் மேலே ஏறித் தட்டில் உறைந்து, துண்டு துண்டாகப் பெட்டியில் விழவேண்டும். தொட்டி விளிம்பு வரைக்கும் நிரம்பியிருந்தது.

ஜான்சன் பி.எஸ்ஸி. பிசிக்ஸ். அது அவனுக்கு உதவிக்கு வந்தது.

"ராத்திரி உறையுது. பகல்ல இந்தக் கதவு ரப்பர் சந்துல சூடு உள்ள போவுது. ஐஸ் உருகுது. உருகின தண்ணி திரும்பத் தொட்டிக்கே எறங்கிடுது. அதான் தொட்டி கொறையவே இல்ல. புரியுதா?"

ஆரோக்கியமேரி தொட்டியையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"படிச்சவன் படிச்சவன்தான் மாப்ள," என்றாள்.

ரப்பரை இளக்கினால் சந்து அடைபடும். வெந்நீரில் துணியை நனைத்து ஒத்தடம் கொடுக்க வேண்டும். வெதுவெதுப்பான நீர் என்றுதான் அவன் போனில் சொல்லுவான். அவசரத்தில் கொதிக்கிற தண்ணீரையே எடுத்துவிட்டான். மூலையில் ரப்பர் கையோடு வந்தது.

இப்போது கதவு நிஜமாகவே மூடவில்லை. மூடவில்லை என்பதை பிரிட்ஜே ஊருக்கு அறிவித்தது. இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தரம், கீங், கீங் என்று.

புதன்கிழமை காலை, பரணில் கிடந்த வலைக்கயிற்றை எடுத்துப் பிரிட்ஜைச் சுற்றி இறுக்கி, ஷூ லேஸுக்குப் போடுகிற முடிச்சைப் போட்டுவிட்டுப் போனான். அது ஒன்றுதான் அவனுக்குத் தெரியும். குப்பத்திலேயே வலை முடிச்சு வராத ஒரே ஆண்பிள்ளை அவன். ஏரியில் எந்த இடத்தில் யார் என்றைக்கு வலை போடுவது என்று சீட்டுக் குலுக்கி முறை வைத்திருக்கிறார்கள். பாடு என்பார்கள். ஒருத்தர் பாடு நாளில் இன்னொருத்தர் வலையை நனைக்கக்கூடாது. அவன் அப்பா, நைனா, தன் பாடு வந்த நாளில் ஒருதரமும் அவனைக் கூட்டிக்கொண்டு போனதில்லை. "நீ பொன்னேரி காலேஜுக்குப் போ. கயிறு உன் கைக்கு வராது," என்று சொல்லிவிட்டார்.

அன்று சாயங்காலம் வந்து பார்த்தால் பிரிட்ஜில் இருந்தது அச்சு அசல் வலைக்காரன் முடிச்சு. இழுக்க இழுக்க இறுகுகிற முடிச்சு.

ஜான்சன் அதைத் தொட்டுப் பார்த்தான். காலையில் தூக்கக் கலக்கம். யோசிக்காமல் போட்டது. கை தானாகவே போட்டிருக்கிறது. ரத்தம் என்று ஒன்று இருக்கிறதே. இதைப் பார்க்க நைனா இல்லையே என்று நினைத்தான். மார்பு கொஞ்சம் விரிந்தது.

அதை அவிழ்க்கக் கால்மணி நேரம் ஆனது. உள்ளே, பெட்டி காலி. தொட்டி நிறைந்திருந்தது.

வேறு வழியில்லை. வாசலுக்கு வந்து, போனின் மேல் கைக்குட்டையைப் போட்டு, தன் கம்பெனிக்கே போன் செய்தான்.

"வணக்கம், நான் நிவேதா பேசுறேன். உங்க பேர் சார்?"

அவன் போன வாரம் வேலை சொல்லிக்கொடுத்த பெண்.

"சகாதேவன். எளாவூர்."

"பிளக் போட்டிருக்கீங்களா சார்?"

"போட்டிருக்கேன்மா."

"சுவிட்ச்?"

"அதையும்தான்."

வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்தாள். ஒரு கேள்வியையும் விடவில்லை. நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறோம் என்று தோன்றியது. ஏழாவது கேள்வி அவனே பட்டியலில் சேர்த்தது. ஐஸ் புகாரில் பாதி அந்தக் கேள்வியிலேயே தீர்ந்துவிடும். அதற்காக ஆபீஸில் கைதட்டல்கூட வாங்கியிருந்தான்.

"வீட்ல வேற யாராச்சும் ஐஸ் எடுக்குறாங்களா சார்?"

"நான் தனி ஆள்மா."

அந்தப் பக்கம் கீபோர்டு தட்டுகிற சத்தம் கேட்டது.

"சரிங்க சார். முன்னாடி இருக்கிற பட்டனைப் பத்து செகண்ட் அழுத்திப் பிடிங்க. ரீசெட் ஆகும். சார், ஒன்னு சொல்லலாமா? உங்க குரல் எங்க ஜான்சன் சார் குரல் மாதிரியே இருக்கு."

"அப்படியா? நல்ல மனுஷனா?"

"ரொம்ப நல்லவர் சார். என்ன, அடுத்தவங்க சொல்றதை முழுசாக் கேட்க மாட்டார்."

பட்டனைப் பத்து செகண்ட் அழுத்தினான். முன்னால் இருந்த எண்கள் மொத்தமும் அணைந்தன. கீங் மட்டும் நிற்கவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம், பெட்டி வழிய வழிய ஐஸ்.

ஜான்சன் ஒரு துண்டைக் கையில் எடுத்து விளக்குக்கு நேரே பிடித்தான். கண்ணாடி. எந்தக் கை பட்டு நோய் தீர்ந்தது என்று அவனுக்கு ஒரு சந்தேகமும் இல்லை. போட்டோ எடுத்து சத்யாவுக்கு அனுப்பினான். 'சின்ன பிரச்சனை. நானே சரி செய்துவிட்டேன்.' கட்டைவிரல் ஒன்று பதிலாக வந்தது.

"அத்தை, இங்க வாங்க. பாருங்க."

ஆரோக்கியமேரி பார்த்தாள். ஆச்சரியப்படவில்லை. அவனுக்கு அது வருத்தம்.

"இன்னிக்கி வியாழக்கெழம இல்ல மாப்ள?"

"ஆமா. ஏன்?"

"ஒன்னுமில்ல. ரெண்டு துண்டு எடுத்துத் தண்ணியில போட்டுக் குடியேன். ஒரு வாட்டியாச்சும்."

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் யாரும் தொடக்கூடாது அத்தை."

"அது இல்ல மாப்ள, நாளைக்கி..."

"டெக்னிக்கல் விஷயம் அத்தை."

வெள்ளிக்கிழமை சாயங்காலம், பெட்டி காலி. துடைத்து வைத்த மாதிரி.

சனிக்கிழமை லீவு போட்டான். ஸ்குரூ டிரைவரை எடுத்தான். ஆறு வருஷத்தில் அவன் ஆயிரம் பேரிடம் சொன்ன ஒரு வாக்கியம் உண்டு: 'தயவுசெய்து நீங்களே கழற்றாதீர்கள்.' ஐஸ் தட்டைக் கழற்றினான். வாசல் பக்கம் நிழல் ஆடியது. ஆரோக்கியமேரி காலையிலிருந்து மூன்றாவது தடவையாக எட்டிப் பார்த்தாள். கைகள் முதுகுக்குப் பின்னால் இருந்தன.

"வேல முடிஞ்சுதா மாப்ள?"

"இதோ."

டக் என்று ஒரு சத்தம். தட்டைத் திருப்புகிற பல்சக்கரம் இரண்டாகக் கையில் இருந்தது.

இனிமேல் ஐஸ் விழாது. பிசிக்ஸ் வந்தாலும் விழாது.

சாயங்காலம் படகுத்துறைக்குப் போய் ஐஸ் கம்பெனியில் ஒரு பார் ஐஸ், முழுப் பாளம், வாங்கினான். கோணிக்குள் போட்டு, அம்மிக் குழவியால் உடைத்து, பெட்டியை நிரப்பினான். கயிற்றைச் சுற்றினான். வலைக்காரன் முடிச்சைப் போட்டுப் பார்த்தான். கைக்கு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோயில் விட்டு வந்ததும் சத்யாவின் கார் நின்றது. கயிறு, கீங் எல்லாவற்றையும் அவர் ஒரு பார்வை பார்த்தார். போனை உயர்த்தினார்.

"பேசுங்க ஜான்சன்."

"வணக்கம். இது பழவேற்காடு. இது எங்க வீடு. எங்க வீட்ல ஐஸ் தானா..."

"மாமா, கொஞ்சம் நவுருங்க."

மூன்றாம் வீட்டு பிரின்சி. இறால் விற்கிறவள். கையில் தெர்மோகோல் பெட்டி. கேமராவை ஒரு தூணைச் சுற்றிப் போவது மாதிரி சுற்றிக்கொண்டு வந்து, பிரீசரைத் திறந்து, ஒரு துண்டை எடுத்து முகர்ந்தாள்.

"இது கம்பெனி பார் ஐஸு. கோணி நாத்தம் வருது. எனக்கு வேணாம்," என்றாள். "நம்ம ஐஸ் எங்க?"

"நம்ம ஐஸா?"

"பிரின்சி, வெளியூர்க்காரங்க வந்திருக்காங்கடி. அப்பால வா." ஆரோக்கியமேரி வாசலில் நின்று பல்லைக் கடித்தாள்.

"இன்னாக்கா அப்பால? இன்னிக்கி என் பாடு. பன்னெண்டு நாளைக்கி ஒரு வாட்டி வருது. ஞாயித்துக்கெழமையா வரணும்னா எம்பத்தி நாலு நாள் ஆவுது. பாலத்துகிட்ட இன்னிக்கிதான் கார்க்காரன் வருவான். இத்த வுட்டுட்டு நான் எங்க போறது?"

"நேத்து என் பாடு. நான் வுட்டுக் குடுக்கல?"

"அது உன் இஷ்டம்."

ஜான்சன் இருவரையும் பார்த்தான். பிரிட்ஜைப் பார்த்தான். கீங் என்றது.

"எதுக்குப் பாடு?"

ஆரோக்கியமேரி பெருமூச்சு விட்டாள்.

"செவ்வாக்கெழமலேருந்து சொல்ல வரேன். நீ எங்க வுட்ட? எல்லாம் ஜெஸ்ஸி செஞ்ச ஏற்பாடு மாப்ள. பொட்டி வந்த புதுசுல ஐஸ் விழுந்துக்கினே இருந்துச்சு. நீ வேலைக்கிப் பூட்ட. அது தெருவக் கூப்ட்டுச்சு. எனக்கு, உனக்குன்னு சண்ட வந்துச்சு. 'ஏரிக்கே பாடு கீது, இந்தப் பொட்டிக்கு இல்லையா'ன்னு கோயில் வாசல்ல சீட்டுக் குலுக்கிப் போட்டுச்சு. எடுக்குறவங்க தொட்டிய ரொப்பி வெக்கணும். கதவ எப்டி இருந்துச்சோ அப்டியே வெக்கணும். அது போனப்புறமும் ஒரு நாள் தப்பல."

"கயிறு?"

"நல்லாக் கட்டி வெச்சனா?" என்று கேட்டாள் ஆரோக்கியமேரி. "ஆட்டுக்குட்டிகூட அவுத்துக்கும், அந்த மாதிரிக் கட்டிட்டுப் போயிருந்த."

பிரின்சி கேமராவுக்கு நேராகத் திரும்பினாள்.

"மார்க்கெட்ல போய்ப் பாருங்கம்மா. எல்லாரும் இறால் மேல அழுக்கு ஐஸ் கொட்டி வெச்சிருப்பான். எங்க தெருது மட்டும் கண்ணாடி மாதிரி, ஒரே அளவுல, மின்னும். மெட்ராஸ்காரன் கார நிறுத்திப்புட்டு எங்ககிட்டதான் வருவான். ஜெஸ்ஸிக்கா ஐஸுன்னா இங்க ஒரு பேரு."

வாசலில் இன்னும் நாலைந்து பெண்கள் சேர்ந்திருந்தார்கள். ஒருத்தியும் தலையைக் குனியவில்லை. சத்யா போனைத் தாழ்த்தவே இல்லை.

"ஜான்சன், உங்க ஏழாவது கேள்வி," என்றார். "நீங்களே சேர்த்தீங்களே."

"நான் தனி ஆள்னு நெனச்சேன் மேடம்."

நிமிர்ந்து நின்றான். எல்லாம் போனாலும் ஒன்று பாக்கி இருந்தது. அதை அவன் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

"சரி. வியாழக்கிழமை? அன்னிக்கு சாயங்காலம் பொட்டி வழிய வழிய இருந்துச்சே. அது நான் சரி பண்ணதாலதானே?"

பிரின்சி காலிப் பெட்டியை இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"அன்னிக்கி உங்க பாடு மாமா. பன்னெண்டாவது சீட்டுல உங்க பேர ஜெஸ்ஸிக்காதான் எழுதிப் போட்டுச்சு, உங்க பாட்டுல நாங்க யாரும் கை வெக்கிறதில்ல."