தலகணி அண்ணையின் பூட்டின அறை

கொழும்பு வெள்ளவத்தையில் மாப்பிள்ளை இல்லாமல் கலியாணம் நடந்தாலும் நடக்கும். தலகணி அண்ணை இல்லாமல் நடக்காது. பகலில் புதுக்கடைக் கோர்ட்டடியில் ஒரு வழக்கறிஞருக்கு டைப் அடிப்பார். மிச்ச நேரமெல்லாம் ஊரிலிருந்து கலியாணத்துக்கு வரும் சனத்தை அக்கம்பக்கத்து வீடுகளில் பங்குபோட்டுப் படுக்க வைப்பார். இரண்டு கக்கத்திலும் தலகணியை இடுக்கிக்கொண்டு ஒழுங்கையில் ஓடுவதால் அந்தப் பெயர்.

சண்டைக்காலம். என் அக்காவுக்குக் கலியாணம். அம்மாவும் அப்பாவும் ஊரைவிட்டு வெளியேறப் பாஸ் கிடைக்காமல் யாழ்ப்பாணத்தில்.

"அவையள் வராட்டில் நான் மணவறையிலை ஏறமாட்டன்" என்று அக்கா ஒரே பிடி.

"நீ ஏறு பிள்ளை. கொம்மா கொப்பருக்குக் கட்டில் என்ரை பொறுப்பு" என்றார் அண்ணை.

கட்டிலா பிரச்சினை? பாஸ் அல்லவோ பிரச்சினை! அந்த மனிசனுக்கு அது விளங்கவே இல்லை.

அந்த நாட்களில் வீட்டில் யார் வந்து தங்கினாலும் பொலிஸில் பதியவேண்டும். அண்ணை அவசரத்தில் தன்னுடைய சொந்த லிஸ்ட்டையே அங்கே நீட்டிவிட்டார். அதில் ஒன்பது பேருக்கு நட்சத்திரக் குறி. அதிகாரியின் முகம் மாறியது.

"மே மொகத?" இது என்ன என்று கேட்டார்.

நட்சத்திரம் என்றால் குறட்டைக்காரர். அண்ணைக்குக் குறட்டைக்குச் சிங்களம் வரவில்லை. கண்ணை மூடினார், வாயைத் திறந்தார், ஸ்டேஷன் அதிர விட்டுக் காட்டினார். அதிகாரி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு முத்திரை குத்தினார்.

அடுத்த கூத்து, வேலிச் சண்டையில் பதினைந்து வருஷமாகப் பேசாத இரண்டு ஊர்க்காரரை ஒரே அறையில் போட்டது. சமாளிக்க நடுவில் கயிறு கட்டிச் சேலை தொங்கவிட்டார். விடிய எழும்பினால் ஒருவர் கத்துகிறார்: "சேலை அரை அடி என்ரை பக்கம் வந்திட்டுது!" அண்ணை நாடா கொண்டுவந்து அளந்தார். ஐயோ, உண்மையாகவே வந்திருந்தது.

இதற்குள் எல்லா வீடும் நிரம்பிவிட்டது. அம்மா அப்பாவிடமிருந்து ஒரு சேதியும் இல்லை. அவர்களுக்கென்று வைத்திருந்த கட்டிலையும் ஒரு நட்சத்திரக்காரருக்குக் கொடுக்கவேண்டி வந்தது. அக்கா அழுத அழுகைக்குப் பயந்து அண்ணை எங்கள் பக்கமே வரவில்லை.

கலியாணத்துக்கு முதல்நாள் பின்னேரம் ஒழுங்கை முனையில் ஒரு ஓட்டோ நின்றது. இறங்கியது அம்மா! பின்னால் அப்பா, கையில் ஒரேயொரு பை. கடைசி நேரத்தில் பாஸ் கிடைத்திருந்தது. அக்கா செருப்பில்லாமல் ஓடினா.

அண்ணை இடுப்பிலிருந்து திறப்பை எடுத்தார். அவருடைய வீட்டில் ஒரு அறை எப்போதும் பூட்டியிருக்கும். எவ்வளவு சனம் நெருக்கினாலும் திறக்கமாட்டார். தான் விறாந்தையில் பாய் போட்டுப் படுப்பார். என்னவோ பதுக்கி வைத்திருக்கிறார் என்று நாங்கள் பகிடி பண்ணுவோம். அதைத்தான் இப்போது திறந்தார். உள்ளே ஒரு கட்டில், புது விரிப்பு, இரண்டு தலகணி. கட்டிலடியில் போடாத பெண்செருப்பு ஒரு சோடி.

"இது ஆருக்கு, தம்பி?" என்று அம்மா கேட்டா.

"என்ரை மனிசிக்கு. அங்கைதான் நிக்கிறா. நாலு வருஷமாப் பாஸ் கேக்கிறம்."

"அப்ப நாங்கள் எப்பிடியப்பு இதிலை…"

"படுங்கோ அம்மா. அங்கையிருந்து வந்த ஒராள் இதிலை படுத்தாலே எனக்குக் காணும்."

அக்கா மணவறையில் ஏறினா. அண்ணை பின்வரிசையில் நின்று எல்லாருக்கும் முதல் கண்ணைத் துடைத்தார்.

பிறகு நாங்கள் நாட்டைவிட்டுத் திக்குத்திக்காகப் போய்விட்டோம். அந்த மனிசி வந்து சேர்ந்தாவோ, எனக்கு இன்றைக்கும் தெரியாது. கேட்காத ஆளில்லை. இங்கே என் வீட்டில் ஒரு அறை சும்மா கிடக்கிறது, அண்ணை. இரண்டு தலகணியும் போட்டிருக்கிறேன்.