எபெனேசருக்கு எஞ்சின் வைத்த கதை

ஒரு பொருளை ஓட வைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிற ஆள் நான். எட்டாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் ஒத்துவரவில்லை. திருப்பூரில் பனியன் மடித்தேன், விழிஞ்ஞத்தில் மீன் சுமந்தேன், ரப்பர் தோட்டங்களில் மெஷின் பிடித்துப் புல் வெட்டினேன். எதிலும் நிலைக்கவில்லை. கடைசியில் பையோடு போய் நின்றது, திருவனந்தபுரம் கழக்கூட்டத்தில் அக்காவின் ஃப்ளாட் வாசலில்.

அக்கா கதவைத் திறந்து, "இந்தத் தடவ எவ்வளவு நாளைக்குலே?" என்றாள்.

அத்தான் மட்டும், "உள்ள வாடே, முதல்ல சாப்பிடு" என்றார். அந்த வார்த்தைக்கு ஏதாவது கைம்மாறு செய்தே தீருவது என்று முடிவெடுத்தேன். (பேசாமல் தின்றுவிட்டுப் படுத்திருக்கலாம்.)

அத்தானுக்குக் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. மிச்ச நேரமெல்லாம் ரிமோட்டில் ஓடும் ஒரு லாரி மாடலோடு உட்கார்ந்திருப்பார். அவருடைய அப்பா நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் சாலைச் சந்தைக் கடைகளுக்கு அரிசி ஏற்றி வந்த லாரியின் அச்சு அசல் அது. நெற்றியில் 'எபெனேசர்' என்ற பெயர்கூட அதே எழுத்தில். அசல் வண்டியை அந்த மாமா எப்போதோ விற்றுவிட்டார். வருகிற ஞாயிற்றுக்கிழமை ஊரிலிருந்து வரப்போகும் அவரிடம் காட்டுவதற்காகவே அத்தான் வருஷக்கணக்கில் இதைச் செய்திருந்தார்.

அட்டைப்பெட்டியில் வைத்து மூடும்போது, "எல்லாம் ஒத்து வந்திருக்கு. சத்தம்தான் இல்ல. கொசு மாதிரி கத்துது" என்றார்.

எனக்கு அது போதாதா? அவர் ஆபீசில் இருந்த நேரத்தில், சாலைச் சந்தையில் வாங்கிய பழைய புல்வெட்டி மெஷினின் பெட்ரோல் எஞ்சினைக் கழற்றினேன். தேங்காய் அளவுதான். பேட்டரி மோட்டாரை எடுத்துவிட்டு அதைப் பொருத்தி, ஆக்சிலேட்டர் கம்பியை ரிமோட்டோடு இணைத்தேன். புகைபோகும் வாயில் பால்பவுடர் டப்பா ஒன்றை மாட்டியதும் குரல் தடித்தது. மிஞ்சிய நீளக் கைப்பிடியை, பழைய இரும்பு எடுக்கும் ஆக்கர் கடையில் எடைக்குப் போட்டேன்.

ஞாயிறு, ஃப்ளாட்டின் கார் நிறுத்துமிடம். நான் கயிற்றை இழுத்ததும் எபெனேசர் உறுமியது. அத்தான் முகம் வெளுத்தது. மாமாவோ, "லே, இது நம்ம வண்டில்லா!" என்று கத்திவிட்டார். அத்தான் என் தோளை அழுத்தினார். என்னைப் பற்றி ஒருவர் பெருமைப்பட்டது அப்போதுதான். ஒரு ரவுண்டு வரை அது நீடித்தது.

எஞ்சின் அதிர்ந்த அதிர்வில் ஆக்சிலேட்டர் கம்பி சிக்கிக்கொண்டது. லாரி பாய்ந்தது. என் கையிலிருந்த ரிமோட்டால் திருப்ப முடிந்தது, நிறுத்த முடியவில்லை.

"ஓஃப் ஆக்கு சேட்டா, ஓஃப் ஆக்கு!" என்று வாட்ச்மேன் ஒரு ஸ்கூட்டர்மேல் ஏறி நின்றார்.

"சுவிட்ச் எங்கடே?" என்றார் அத்தான்.

"கைப்பிடியில, அத்தான்."

"கைப்பிடி எங்க?"

"ஆக்கர் கடையில."

பெட்ரோல் தீரட்டும் என்று விடவும் வழியில்லை. டேங்கைக் கழுத்துவரை நிரப்பியிருந்தேன். (எதிலும் குறை வைக்க மாட்டேன்.) அதற்குள் மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "நான் பாக்காத வண்டியாலே?" என்று குறுக்கே காலை நீட்டினார். அவர் காலா, அத்தானின் லாரியா? நான் தூணை நோக்கித் திருப்பினேன்.

மோதிய வேகத்தில் எஞ்சின் நின்றது. நெற்றி இரண்டாகப் பிளந்து, 'எபெ' ஒரு பக்கமும் 'னேசர்' ஒரு பக்கமும் கிடந்தன. சூடான டப்பா பட்டு மிச்ச பிளாஸ்டிக் உருகியது.

மாமா ஒரு துண்டை எடுத்துப் பார்த்தார். "நானும் ஒருக்க பிரேக் பிடிக்காம இடிச்சிருக்கேன். அன்னைக்கு சாவியாவது கையில இருந்துச்சு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அத்தானும் சிரித்தார். பிறகு குனிந்து ஒவ்வொரு துண்டாகப் பெட்டியில் பொறுக்கிப் போட்டார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தபோது, "சத்தம் சரியா இருந்துச்சுடே" என்றார். அவ்வளவுதான்.

இன்றும் நான் புதிதாக ஒரு வேலையைப் பற்றிப் பேச்செடுத்தால் அக்கா கேட்பது, "நிறுத்துற சுவிட்ச் எங்கலே?" மாமா ஊரிலிருந்து போன் போட்டும் அதையே கேட்கிறார். ஒட்டித் தருகிறேன் என்று நான் சொல்லும்போதெல்லாம் அத்தான், "பாக்கலாம்டே" என்கிறார். பெட்டி பீரோமேல் அப்படியே இருக்கிறது.

கீழே புல்வெட்டி மெஷின் ஓடினால் வீடே என்னைப் பார்த்துச் சிரிக்கும். அத்தான் ஜன்னலைச் சாத்த எழுந்து போவார். சாத்தாமல் அங்கேயே நிற்பார்.